கணக்கை விட்டவர்களுக்குத்தான் கணக்கு தேவை

பி.எஸ்சி. வேதியியலில் சேரும் மாணவருக்குக் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வர வேண்டும்: துணைப்பாடமாக, அதாவது அலைட்டாக, என்ன எடுக்கப்போகிறாய், மேத்ஸா, பாட்டனி-ஜுவாலஜியா? பெரும்பாலான கல்லூரிகளில் இதை யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். மேத்ஸ் குரூப்பில் வந்தவர் கணிதப் பக்கம், 'பியூர் சயின்ஸ்' குரூப்பில் வந்தவர் உயிரியல் பக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், கணக்கில் மார்க் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்து வீட்டில் எடுத்த முடிவு, பட்டப்படிப்பு முடியும்வரை பிள்ளையின் கூடவே வருகிறது.

இப்போது அலைட் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் மைனர் என்ற புதிய ஏற்பாடும் வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். அதில் 24 கிரெடிட்டை மைனர் பாடத்துக்கு ஒதுக்கலாம். நான்காண்டுப் பட்டம் என்றால் 160-க்கு 32. தாளுக்கு நான்கு கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் ஆறு முதல் எட்டுத் தாள்கள். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்காததால் அரசுக் கல்லூரிகளில் அலைட் முறையின் வழிவந்த ஏற்பாடுதான் தொடர்கிறது. ஆனால், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும் நம் பிள்ளைகள் முதலாண்டு முடிவதற்குள் மைனர் எது என்று சொல்லியாக வேண்டும். கணிதத்தை எடுக்கலாமா என்ற கேள்வி வீடுகளுக்குள் வந்துவிட்டது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படிப்பவர் யோசித்து எடுக்கலாம். எடுக்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை. வேதியியல் படிப்பவர் எடுப்பது நல்லது. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் படிப்பவர் எப்பாடுபட்டாவது எடுக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். ஏற்கெனவே கணக்கு தெரிந்த இயற்பியல் மாணவர்தான் கணித மைனரை விரும்பி எடுக்கிறார். கணக்கை விட்டு வந்தவரை அந்தப் பக்கமே விடுவதில்லை, அவரும் போவதில்லை.

இயற்பியலை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். இயற்பியல் துறையிலேயே 'மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ்' என்று ஒரு தாள் இருக்கும். வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர், கலப்பெண் சார்புகள் எல்லாம் அதில் வந்துவிடும். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இயற்பியலுக்கான பாடத்திட்டமே கணித முறைகளில்தான் தொடங்குகிறது. எனவே மைனரின் ஆறு தாள்களில் இரண்டு மூன்று, அதே சரக்கை இன்னொரு டிபார்ட்மென்ட்டில் இன்னொரு முறை படிப்பதாகிவிடும். இயற்பியல் மாணவருக்கு உண்மையில் குறைவது நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும். அந்த இரண்டை மட்டும் தேடிப் படித்துவிட்டு, மிச்ச நேரத்தை ஆய்வகத்தில் செலவிடுபவர் புத்திசாலி.

சான்றிதழே இல்லாமல் இதைச் செய்த ஒருவர் நம்மிடையே இருந்தார். 1920-களில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கணித ஆனர்ஸ் படிக்கத்தான் ஆசை. மகன் ஐசிஎஸ் எழுத வேண்டும் என்று நினைத்த அப்பா இயற்பியல் எடுக்கச் சொன்னார். பையன் இயற்பியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கணிதத் துறை வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். 1930-ல் கேம்பிரிட்ஜ் போகும் கப்பலிலேயே, வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்கை அவரால் போட முடிந்தது. நோபல் பரிசு 1983-ல் வந்தது. இன்று ஒரு மாணவர் வேறு துறையின் வகுப்பில் போய் உட்கார்ந்தால், அட்டென்டன்ஸ் எந்த ரிஜிஸ்டரில் போடுவது என்று தெரியாமல் கல்லூரி திணறிப்போகும். அது வேறு கதை.

உயிரியலுக்கு வருவோம். அங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

பிளஸ் டூ விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஹார்டி-வெயின்பெர்க் விதி மனப்பாடம். 'பி ஸ்கொயர் பிளஸ் டூ பிக்யூ பிளஸ் க்யூ ஸ்கொயர் ஈக்வல் டு ஒன்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் வரும் ஹார்டி, 1913-ல் சென்னைத் துறைமுகக் கழகக் குமாஸ்தா ராமானுஜன் அனுப்பிய கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஹார்டிதான். ஒரு கணிதப் பேராசிரியரின் பெயர் விலங்கியல் பாடப் புத்தகத்துக்குள் எப்படி வந்தது?

1908-ல் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் புன்னட் லண்டனில் மெண்டலின் விதிகளைப் பற்றிப் பேசினார். ஓங்கு பண்பு என்றால், நாளடைவில் மக்கள்தொகையில் அது பெருகிக்கொண்டே போக வேண்டுமே, அப்படிப் போகக் காணோமே என்று ஒரு கேள்வி எழுந்தது. புன்னட்டிடம் பதில் இல்லை. திரும்பி வந்து, தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஹார்டியிடம் கேட்டார். ஹார்டிக்கு அது சில வரி வேலை. கலப்பு தற்செயலாக நடந்தால், தேர்வும் இடப்பெயர்ச்சியும் குறுக்கிடாவிட்டால், விகிதம் ஒரு தலைமுறையிலேயே நிலைத்துவிடும். ஓங்கு பண்பு என்பதற்காக எதுவும் பெருகாது. இதை 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு சிறு கடிதமாக எழுதி அனுப்பினார். இவ்வளவு எளிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் அந்தக் கடிதத்தில் தெரியும். அதே ஆண்டில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் வெயின்பெர்க்கும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இதிலிருந்த கணக்கு நம் ஒன்பதாம் வகுப்பு அளவுதான்: ஈருறுப்பின் வர்க்கம். அந்தக் காலத்து முன்னணி மரபியலாளர் ஒருவருக்கு அது கைவசமில்லை. நல்லவேளையாக அதே ஊரில் ஒரு நண்பர் இருந்தார். நம் விலங்கியல் மாணவர் இன்றைக்கும் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறாரே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னால் பலர் தயங்கி நிற்கிறார்கள். குறை மாணவருடையது அல்ல. உயிரியல் என்றால் கணக்கு வேண்டாம் என்று பதினைந்து வயதில் நாம் கொடுத்த வாக்குறுதிதான் காரணம்.

அந்த வாக்குறுதி இன்று பொய்யாகிவிட்டது. மரபணு வரிசைகளை ஒப்பிடுவது நிகழ்தகவு. நோய் பரவுவதைக் கணிப்பது வகைக்கெழுச் சமன்பாடு. தொற்றுப் பரவலை அளக்கும் 'ஆர் நாட்' என்ற சொல்லைக் கரோனா காலத்தில் டீக்கடை வரைக்கும் கேட்டோம். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டைச் சுருக்கி இரண்டு அச்சுகளில் வரைந்து காட்டும் படம் உயிரியல் ஆய்விதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது அணிகளும் ஐகன் மதிப்புகளும்.

சாஃப்ட்வேர்தான் எல்லாம் போட்டுத் தருமே என்பார்கள். தரும். 'ஆர்' மொழியில் ஒரு வரி தட்டினால் பி-வேல்யூ வந்துவிடும். அதன் பொருள்தான் வராது. பி-வேல்யூவை ஆய்வாளர்களே தவறாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துவதைப் பார்த்து, அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்வதில்லை என்பது அதில் ஒரு முக்கியக் குறிப்பு. எம்.எஸ்சி. புராஜெக்ட் வைவாக்களில் பி-வேல்யூ என்ன சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு கோணமும் உண்டு. மைனர் பற்றி முடிவெடுக்கும்போது என்னைப் பொறுத்தவரை இதுவே கனமான காரணம். கணிதப் பக்கத்திலிருந்து உயிரியலுக்குள் நுழைவதற்கு வழி அகலம். உயிரியலிலிருந்து கணிதப் பக்கம் வருவதற்கு வழி மிகவும் குறுகல். ஜி.என். ராமச்சந்திரன் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1954-ல் கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தைச் சொன்னார். 1963-ல் வெளிவந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்று உலகின் உயிர்வேதியியல் பாடப் புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது. புரதத்தின் முதுகெலும்பில் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்ற கேள்வியை அவர் வடிவியலாகப் பார்த்தார். 1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்டெடுக்கும் கணக்கைப் பற்றியது; சி.டி. ஸ்கேன் பற்றிய பேச்சில் அது இன்றும் வரும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, இயற்பியலிலேயே முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு, ரைபோசோமின் கட்டமைப்புக்காக.

செல்லின் பாகங்களை முப்பது வயதிலும் படித்துக்கொள்ளலாம், படிக்கவும் செய்கிறார்கள். முப்பது வயதில், வேலை, குடும்பம், பி.எச்டி. நெருக்கடி எல்லாவற்றுக்கும் நடுவில், தானாக உட்கார்ந்து நேரியல் இயற்கணிதத்தின் முதல் பாடத்திலிருந்து தொடங்குபவர்கள் அபூர்வம். கணக்குக்கு ஒரு வகுப்பறை, வாரத்துக்கு ஐந்து மணி நேரம், தப்பைத் தட்டிக்காட்ட ஓர் ஆசிரியர், எழுதியே தீர வேண்டிய ஒரு செமஸ்டர் தேர்வு ஆகிய கட்டாயங்கள் வேண்டியிருக்கின்றன. அவை பதினெட்டிலிருந்து இருபது வயதுவரைதான் இலவசமாகக் கிடைக்கும்.

வேதியியல் மாணவர் நடுவில் நிற்கிறார். வெப்ப இயக்கவியலில் பகுதி வகைக்கெழுக்கள் வரும்போது பாதி வகுப்பு எழுதி மட்டும் வைத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் அணுவுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் 'இதன் தீர்வு இப்படி வரும்' என்று ஆசிரியர் தாண்டிப் போகிறார். நிறுத்தி விளக்க அவருக்கும் நேரமில்லை. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்தில் அடிப்படைக் கணிதம் என்றே ஒரு பகுதி உண்டு: சார்புகள், பெருமம்-சிறுமம், தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள், நிகழ்தகவு. கணக்கே தொடாமல் மூன்றாண்டு கழித்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறார். நல்ல வேதியியல் மாணவர்கள் பலர் ஐஐடி பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வேலைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை. இரண்டு விஷயங்களில் நேரடியான பதில் உண்டு. எம்.சி.ஏ. சேர பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது நல்லது. பியூர் சயின்ஸ் குரூப்பில் வந்த மாணவருக்கு, பட்டப்படிப்பில் எடுக்கும் கணிதம் அந்த வழியை எளிதாக்குகிறது. மறுபக்கம், கணித மைனர் இருந்தால் பள்ளியில் கணித ஆசிரியர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு முதன்மைப் பாடம் எது என்பதைத்தான் பார்ப்பார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். கிராஸ் மேஜர் என்று சொல்லி விண்ணப்பத்தை ஓரம்கட்டிய பிறகு அழுதவர்கள் எத்தனையோ பேர். மற்றபடி, நிறுவனங்களின் நேர்காணலில் மைனர் என்ற வரியைப் பார்த்து யாரும் வேலை கொடுத்துவிடப்போவதில்லை.

ஆகவே பட்டச் சான்றிதழில் கூடுதலாக ஒரு வரி வர வேண்டும் என்பதற்காக மட்டும் எடுப்பதென்றால் வேண்டாம். ஆறு தாள் என்பது விளையாட்டல்ல. ஷிஃப்ட் முறையில் காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையிலோ மெடிக்கல் ஷாப்பிலோ வேலை என்று ஓடும் பிள்ளைகள் ஏராளம். ரெக்கார்டு நோட்டு எழுதவே அவர்களுக்கு இரவாகிவிடுகிறது. அவர்களிடம் போய் ஆறு தாள் கணக்கு என்பது கொடுமை. அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இரண்டே தாள்: புள்ளியியல் ஒன்று, கால்குலஸும் அணிகளும் சேர்ந்த அடிப்படைத் தாள் ஒன்று. மைனர் என்ற பெயர் வராது, போகட்டும். கல்லூரியில் அந்தத் தாள்கள் கிடைக்காவிட்டால் என்பிடெல், ஸ்வயம் இருக்கின்றன. ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று யுஜிசி 2021-லேயே விதி வகுத்துவிட்டது; அதை ஏற்றுக்கொள்ளும்படி கல்லூரியை இணங்க வைப்பதுதான் மாணவரின் பாடு.

எடுப்பது என்று முடிவுசெய்தவர் பெயரைப் பார்த்து எடுக்காமல் தாள்களைப் பார்த்து எடுக்க வேண்டும். சில இடங்களில் கணித மைனர் என்பது கணித மேஜர் மாணவர்களோடு உட்கார்ந்து ரியல் அனாலிசிஸ், குரூப் தியரி என்று நிரூபணம் எழுதும் படிப்பு. நிரூபணம் எழுதிப் பழகுவது ஒரு தாள் அளவுக்கு யாருக்கும் நல்லது. ஆறும் அப்படியே என்றால் நுண்ணுயிரியல் மாணவர் இரண்டாவது செமஸ்டரில் அரியர் வைத்துவிட்டு, தனக்குக் கணக்கு வராது என்ற பழைய முடிவுக்கே திரும்பிவிடுவார். சீனியர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, தாள் கஷ்டமா என்பதைவிட, யார் எடுக்கிறார் என்பதுதான். அலைட் வகுப்பு என்றாலே புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டுவது என்ற வழக்கம் இல்லாத கல்லூரி என்றால் துணிந்து சேரலாம்.

வகுப்புக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். நம் அலைட் மேத்ஸ் பாடத்திட்டங்களைப் புரட்டினால் பல பல்கலைக்கழகங்களில் ஒரே வாசனை: ஈருறுப்பு, அடுக்குக்குறி, மடக்கைத் தொடர்களின் கூட்டல்; சைன், காஸ் விரிவாக்கங்கள்; வளைவு ஆரம்; கேலி-ஹாமில்டன் தேற்றம்; கொஞ்சம் லாப்லாஸ் மாற்றம். அப்பாவும் மகளும் ஒரே கைடு வைத்துத் தேர்வு எழுதலாம். தொடர்களைக் கூட்டுவதில் நாலாவது வகைக் கணக்கைப் போடத் தெரிந்த வேதியியல் மாணவிக்கு, டைட்ரேஷனில் வந்த மூன்று அளவீடுகளின் பிழையை எப்படிச் சொல்வது என்று அந்தத் தாள் கற்றுத்தருவதில்லை. கேலி-ஹாமில்டன் படிக்கிறார், ஆனால் அடுத்த ஆண்டு குவாண்டம் வேதியியலில் வரப்போவது அதே ஐகன் மதிப்புதான் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. கணித ஆசிரியருக்கு வேதியியல் தெரியாது, வேதியியல் ஆசிரியருக்கு அலைட் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இது மாறாமல் இருப்பதற்குச் சோம்பலைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. கல்லூரிகளில் ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை வொர்க்லோட் தீர்மானிக்கிறது. உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யுஜிசி கணக்கு. அலைட் மணி நேரங்கள் கணிதத் துறைக்குப் பணியிடங்களைக் காப்பாற்றித் தருபவை. தாளின் உள்ளடக்கத்தில் கை வைத்தால், நாளை 'இதை நாங்களே நடத்திக்கொள்கிறோம்' என்று வேதியியல் துறை மணி நேரத்தைக் கேட்டுவிடுமோ என்ற பயம் இருக்கிறது. அது நியாயமான பயமும்கூட. உயிரியல் துறைகளுக்கும் தம் அலைட் நேரத்தைக் கணிதத்துக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. மாணவருக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்ற பேச்சு கடைசியில் டைம்டேபிள் பேச்சாகவே முடிந்துவிடுகிறது.

தன்னாட்சிக் கல்லூரிகள் மணி நேரத்தைத் தொடாமலே இதற்கு வழி செய்யலாம். வகுப்பைக் கணிதத் துறையே எடுக்கட்டும். வேதியியல், உயிரியல் மாணவர்களுக்கான கணிதத் தாளை முடிவுசெய்யும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அந்தந்தத் துறை ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து, ஐந்து யூனிட்டில் இரண்டை அவர் கேட்டபடி வைத்தால் போதும். தொடர்களின் கூட்டலை எடுத்துவிட்டு நிகழ்தகவை வைப்பதற்குப் புதிய பணியிடமோ அரசாணையோ தேவைப்படாது. கூட்டத்துக்கு அழைக்கும் கடிதத்தில் இன்னொரு துறையின் பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.